384 வீடு போதுமா?

பெப்ரவரி 9, மாலை
வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி கேட்டது:

என் இறுதி வருட ஆய்வு நுண்கடன் எடுத்த பெண்களைப் பற்றியது. மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும். 384 பேர் போதும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். ஏன் 384 என்று கேட்டேன். அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது என்றார். என்னோடு படிக்கிறவள் இலங்கை முழுவதுமுள்ள ஆசிரியர்களைப் பற்றிச் செய்கிறாள். அவளுக்கும் 384. ஒரு மாவட்டத்துக்கும் ஒரு நாட்டுக்கும் எப்படி ஒரே எண் வரும்? தெரிந்த அண்ணாமார் சொல்லுங்கள்.

பெப்ரவரி 9, இரவு 10.20
தங்கச்சி, எண் எங்கிருந்து வந்தது என்பது சின்ன விஷயம், அதை முதலில் முடித்துவிடுவோம். 1.96ஐ 1.96ஆல் பெருக்குங்கள். அதை 0.5 × 0.5ஆல் பெருக்குங்கள். வருவதை 0.05 × 0.05ஆல் வகுங்கள். 384.16 வரும். அவ்வளவுதான் ரகசியம். 1.96 என்பது 95 வீத நம்பிக்கைக்குரிய எண், அதாவது இப்படி நூறு தடவை எடுத்தால் ஏறத்தாழ 95 தடவை விடை சொன்ன எல்லைக்குள் நிற்கும். 0.05 என்பது விடை 5 வீதம் அங்கே இங்கே போனாலும் பரவாயில்லை என்று நீங்கள் ஒத்துக்கொள்வது. 0.5 என்பது பாதிப்பேர் ஆம், பாதிப்பேர் இல்லை என்று சொல்லும் நிலை. கணிப்பதற்கு அதுதான் மிகக் கஷ்டமான நிலை என்பதால் அதையே வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் சேர் பார்த்தது கிரெஜ்சியும் மோர்கனும் 1970இல் போட்ட அட்டவணையாக இருக்கும். 100 பேர் உள்ள கூட்டத்துக்கு 80, ஆயிரத்துக்கு 278, பத்தாயிரத்துக்கு 370, பத்து இலட்சத்துக்கு 384. போகப் போக ஏறவே மாட்டேன் என்கிறது, பார்த்தீர்களா? கூட்டம் ஓரளவுக்குப் பெரிதாகிவிட்டால் அதன் அளவு கணக்குக்குள் வருவதே இல்லை. அதனால் உங்களுக்கும் 384, அவளுக்கும் 384. கணக்கில் பிழை இல்லை.

பிழை வேறு இடத்தில். அந்தச் சூத்திரத்துக்குள் மட்டக்களப்பு இல்லை, பெண்கள் இல்லை, கடன் இல்லை. ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து எழுமாற்றாகத்தான் எடுத்தீர்கள் என்று அது நம்பிக்கொண்டு வேலை செய்கிறது. வட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தை அனுப்பி 384 பதில் வரும்வரை காத்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

பெப்ரவரி 10, காலை
ஒருவர் எதிர்பார்த்தபடியே "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு" என்று கேட்டிருக்கிறார்.

பானைக்குச் சரி. நான் அமிர்தகழிக்காரன். எங்கள் மாமாங்கக் கோயில் தீர்த்தக் காலத்தில் அன்னதானக் கிடாரத்தடியில் நின்று பழகியவன். அங்கே சமைக்கிற ஐயா ஒரு சோறு எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. நடுவில் ஒரு அகப்பை, ஓரத்தில் ஒன்று, அடியில் விட்டு ஒன்று. விறகு எரிகிற பக்கம் வெந்திருக்கும், காற்று அடிக்கிற பக்கம் அரிசியாகவே இருக்கும். நடுவில் உள்ளது வெந்துவிட்டது என்று இறக்கினால் கடைசிப் பந்தி சண்டைக்கு வரும். வீட்டுப் பானையில் ஒரு சோறு போதுமாக இருப்பது அம்மா அதைக் கிண்டிவிட்ட பிறகு. ஊரை யார் கிண்டிவிட்டார்கள்?

அதே ஐயாவுக்குத் தெரிந்த இன்னொன்று, கிடாரம் பெரிதாகிவிட்டதே என்று அவர் அதிக அகப்பை போடுவதில்லை. இடத்தை மாற்றித்தான் போடுகிறார்.

பெப்ரவரி 10, இரவு
எண்ணிக்கை கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு 1936ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தல். லிட்டரரி டைஜெஸ்ட் என்ற பத்திரிகை 24 இலட்சம் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி ஒன்றைத் தபாலில் அனுப்பி, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் வென்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். அதே தேர்தலில் ஏறத்தாழ 50 ஆயிரம் பேரைக் கேட்ட காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். பத்திரிகை பெயர்களை எடுத்தது தொலைபேசிப் புத்தகத்திலும் கார் பதிவுப் பட்டியலிலும். பஞ்ச காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவன் யார்?

பெப்ரவரி 11
நேற்று எழுதியதில் ஒரு பிழை. அனுப்பியது 24 இலட்சம் அல்ல, ஏறத்தாழ ஒரு கோடி. திரும்பி வந்தவைதான் 24 இலட்சத்துக்குக் கிட்ட. இந்தப் பிழை கதையையே மாற்றுகிறது. பட்டியல் பணக்காரப் பட்டியல் என்பது பாதிக் காரணம்தான். நாலில் மூன்று பேர் பதில் போடவில்லை, போட்டவர்கள் ஒரு மாதிரியானவர்கள், போடாதவர்கள் வேறு மாதிரியானவர்கள். இந்த இரண்டாவது விஷயத்துக்குத் திரும்பி வருவேன், அது என் சொந்தக் கதையும்கூட.

அப்புறம் காலப்பையும் தலையில் தூக்கி வைக்கத் தேவையில்லை. 1948 தேர்தலில் ட்ரூமன் தோற்பார் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர், ட்ரூமன் வென்றார். ஆண் இத்தனை, பெண் இத்தனை, இந்த வயதில் இத்தனை என்று பங்கு பிரித்துக் கொடுத்து, ஆளைத் தேர்வதைக் கணக்கெடுப்பவரிடம் விட்டிருந்தார்கள். கையில் பங்கு இருந்தால் கால் எங்கே போகும்? சிரித்துப் பேசுகிற ஆள் இருக்கிற திண்ணைக்குத்தான்.

பெப்ரவரி 13
மாணவி கேட்கிறார்: சரி, கிண்டுவது எப்படி?

நமக்கு மட்டக்களப்பு வாவி ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து தந்திருக்கிறது. சூரியன் எழுகிற கிழக்குப் பக்கம் எழுவான்கரை, படுகிற மேற்குப் பக்கம் படுவான்கரை. கரையோரம் காத்தான்குடி, ஆரையம்பதி, கல்லாறு என்று ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். அந்தப் பக்கம் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று வயலும் காடும் இடையில் விழுந்த ஊர்கள். கடன் எடுக்கிற காரணம் ஒன்றல்ல, திருப்பிக் கட்டுகிற பருவமும் ஒன்றல்ல. மாவட்டம் முழுவதையும் ஒரு தொப்பிக்குள் போட்டுக் குலுக்காமல் இரண்டையும் தனித்தனிப் படையாக வைத்து ஒவ்வொன்றிலும் எழுமாற்றாக எடுங்கள். இதைத்தான் படைகொண்ட மாதிரி என்கிறார்கள். ஒரு பக்கம் தற்செயலாக விடுபட்டுப்போக இதில் வழியில்லை.

ஆனால் 14 பிரதேச செயலகப் பிரிவையும் தனித்தனியே ஒப்பிடப் போகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். 384ஐ 14ஆல் வகுத்தால் பிரிவுக்கு 27 பேர். 27 பேரை வைத்துச் சொல்லும் விடை 19 வீதம் மேலேயும் போகும் கீழேயும் போகும். 40 வீதம் என்று எழுதுவீர்கள், உண்மை 21ஆகவும் இருக்கலாம் 59ஆகவும் இருக்கலாம். அதில் பட்டை வரைபடம் வேறு போடுவார்கள்.

இன்னொன்று கொத்தணி. 384 பேரைத் தேடி மாவட்டம் முழுக்க அலைய பெற்றோல் காசு இல்லை என்பதால் 16 கிராமம், கிராமத்துக்கு 24 பேர் என்று எடுப்பீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், தப்பில்லை. ஆனால் ஒரு கிராமத்துப் பெண்கள் ஒரே குழுக்கடனில் சேர்ந்தவர்கள். ஒருத்தி சொன்னதைத்தான் மற்றவளும் சொல்வாள். அந்த ஒற்றுமையை 0 (துளியும் இல்லை) முதல் 1 (எல்லாரும் ஒரே விடை) வரை அளந்து, 0.05 என்று சின்னதாக வைத்தாலும், கிராமத்தில் அவளைத் தவிர 23 பேர், ஆக 1 + 23 × 0.05 = 2.15. உங்கள் 384ஐ அதால் வகுத்தால் 179. பெற்றோல் அடித்தது 384 பேருக்கு, கையில் வந்த தகவல் 179 பேருக்குரியது.

பெப்ரவரி 16, நடு இரவு
என் கதை என்று சொன்னேன் அல்லவா.

பதினொரு வருடத்துக்கு முன், வேலை இல்லாமல் இருந்த காலத்தில், ஒரு நிறுவனத்துக்குக் கணக்கெடுப்பாளனாகப் போனேன். படுவான்கரையில் இரண்டு கிராமம், மொத்தம் 120 வீடு. குடும்ப வருமானம், கடன், சாப்பாடு என்று பதினாறு பக்க வினாக்கொத்து. அம்பிளாந்துறைப் பாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவேன். (வெளியூர்க்காரருக்கு: நாங்கள் பாதை என்பது ரோட்டை அல்ல, வாவியைக் கடக்க வாகனம் ஏற்றுகிற மிதவையை.) எழுமாற்றாக ஒரு வீட்டில் தொடங்கி ஒழுங்கை வழியே ஒவ்வொரு ஐந்தாவது வீடும். முறைமையான மாதிரி. காகிதத்தில் அழகான முறை.

முதல் நாளே ஒரு படலையடியில் நின்று கூப்பிட்டேன். நாய் குலைத்தது. ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஓடி வந்து "அம்மா இல்ல" என்றது. அடுக்களைக் கூரையால் புகை வந்துகொண்டிருந்தது. அடுப்பை மூட்டிவிட்டு எங்கே போனாள் என்று யோசித்தேனே தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த ஒழுங்கையில் இன்னொரு வீடு. அங்கேயும் அம்மா இல்லை. மூன்றாவது வீட்டில் ஒரு கிழவி வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆரு மனே, லோனுக்கா?"

அப்போதுதான் என்னையே பார்த்தேன். வெள்ளைச் சேட், கழுத்தில் தொங்குகிற அட்டை, கையில் பைல், மோட்டார் சைக்கிள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கிழமைக் காசு சேர்க்க லோன்காரர் வருகிற நாள். பார்வைக்கு நான் அவர்களேதான்.

விளங்குகிறதா? கடன் எவ்வளவு என்று கேட்கப் போனவனைக் கண்டு, கடன் கூடியவர்களே ஒளித்துக்கொள்கிறார்கள். கடன் இல்லாதவர்கள் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்து பதினாறு பக்கமும் சொல்கிறார்கள். இதை 120 வீட்டில் செய்தாலும் 12 ஆயிரம் வீட்டில் செய்தாலும் ஒன்றுதான். கூடக்கூடப் பிழையான விடையில் நம்பிக்கைதான் கூடும்.

மூன்று தடவை போயும் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டை எடுக்கலாம் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. அப்படித்தான் செய்தேன்.

பெப்ரவரி 17
நேற்றையதைப் படித்துவிட்டு நண்பன் அனுப்பியது: "பாடும் மீனுக்கும் இதேதான் மச்சான்."

உண்மை. கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில்தான் மீன் பாடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். அமாவாசை இரவில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற நுனியைக் காதில் வைத்துப் பார்த்தவன் யார்? இருட்டில் போக எல்லாருக்கும் பயம். நிலவில் மீன் பாடுகிறதோ இல்லையோ, நிலவில் நாம் போகிறோம்.

பெப்ரவரி 22
பெரும்போக வெட்டுக்கு மாமாவோடு வட்டைக்கு (வயல்வெளிக்கு) போய் வந்தேன். முதுகு விட்டுப்போச்சு. ஆனால் இந்த இழைக்கு ஒரு விஷயம் கிடைத்தது.

நெல் விளைச்சலை நாடு முழுவதற்கும் மதிப்பிடுவதும் மாதிரியால்தான். தெரிந்தெடுத்த வயலில் அளந்த துண்டை வெட்டி, அடித்து, நிறுத்துப் பார்க்கிறார்கள். எந்தத் துண்டு என்பதில்தான் கூத்து. மாமா சொன்னார்: "நெல் வாங்க வாறவனைக் கிழக்கு மூலைக்குக் கூட்டிப் போவன், அங்கதான் கதிர் சாய்ஞ்சு நிக்கும். வெள்ள நட்டஈட்டுக்கு வாறவரை மேற்கு மூலைக்குக் கூட்டிப் போவன்." ஒரே வயல், இரண்டு மாதிரி, இரண்டும் கண்ணால் கண்ட உண்மை.

மாமா கெட்டிக்காரர், ஆனால் முதல் ஆள் அல்ல. இந்தியாவில் 1940களில் மகலனோபிஸ், சுகாத்மே என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் இதே விஷயத்தில் மோதினார்கள். மகலனோபிஸ் சிறிய வட்டங்களை வெட்டிப் பார்த்தவர். சிறிய துண்டு கூடிய விளைச்சலைக் காட்டிவிடும் என்று சுகாத்மே அளந்து காட்டினார். காரணம் வயலில் நின்றால் புரியும். கயிறு போகிற கோட்டிலேயே ஒரு பயிர் நிற்கிறது. அது உள்ளேயா வெளியேயா? வெட்டுகிறவன் கை உள்ளே என்றுதான் எடுக்கும். துண்டு சின்னதாக ஆக, உள்ளிருப்பதோடு ஒப்பிட்டால் எல்லைப் பயிர் அதிகம். பெரிய துண்டில் அந்தக் களவு தெரியாமல் போய்விடும்.

மகலனோபிஸைக் குறைத்துப் பேசவில்லை. கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். வங்காளத்துச் சணல் பரப்பை மாதிரியால் அளந்து காட்டியவர். அவருடைய ஒரு யோசனை என்னைச் சுட்டது. ஒரே பரப்பில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு வேறு குழுக்களை அனுப்புவார். இரண்டு விடையும் ஒத்து வராவிட்டால் எங்கோ ஒருவன் மரத்தடியில் இருந்து நிரப்பியிருக்கிறான். என் பின்னால் இன்னொரு குழு வருகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால்...

விடுங்கள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பெப்ரவரி 23
மண் மாதிரி எடுப்பது பற்றி ஒருவர் கேட்டார். விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லித் தருவதுதான்: வயலில் நேராக நடக்காமல் வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இடத்திலாவது 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை எடுக்க வேண்டும். வரம்போரம், மர நிழல், எரு குவித்த இடம் வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எறிந்து, மீதியைத் திரும்பக் கலந்து, அரைக் கிலோ ஆகும்வரை இப்படியே.

மண்ணைக் கலக்கலாம் என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பதினைந்து பெண்களைக் கலந்து அரைக் கிலோ எடுக்க முடியாது.

மார்ச் 1
மாணவி திரும்ப வந்திருக்கிறார். நுண்கடன் எடுத்தவர்களின் பட்டியல் நிறுவனங்கள் தர மறுக்கின்றனவாம். பனிப்பந்து முறை செய்யலாமா என்கிறார். ஒருத்தியைப் பிடித்து, அவள் சொல்லும் இரண்டு பேரிடம் போய், அவர்கள் சொல்லும் நாலு பேரிடம் போவது.

பனிப்பந்து என்ற பெயரே நமக்கு உதவாது, பனியை யார் கண்டது. கூத்தை வைத்துச் சொல்கிறேன். ஒருகாலத்தில் ஊர் ஊராக அண்ணாவிமார்களை, அதாவது கூத்துப் பழக்கும் ஆசான்களை, தேடிப் பதிவு செய்யும் வேலையில் கூடப் போனேன். எங்கள் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. முதலில் கண்டவர் வடமோடி அண்ணாவியார். அவர் மூன்று பேரைச் சொன்னார், மூன்றும் வடமோடி. அவர்கள் சொன்னவர்களும் வடமோடி. இரண்டு கிழமை கழித்து, இந்தப் பக்கம் தென்மோடியே அழிந்துவிட்டது போலிருக்கிறது என்று எழுதத் தொடங்கியிருந்தோம். தேத்தண்ணிக் கடையில் பக்கத்து மேசையில் இருந்தவர் காதில் விழுந்து சிரித்தார். அவர் சித்தப்பா தென்மோடி அண்ணாவியார், அடுத்த ஒழுங்கை. வடமோடிக்காரர் பொய் சொல்லவில்லை. அவரிடம் கேட்டது "வேறு யாரும் இருக்கிறார்களா" என்று. அவர் மனதில் வந்தது அவருடைய களரி.

ஆகவே ஒரு பந்து அல்ல, பல பந்து. வேறுவேறு ஊரில், வேறுவேறு சாதியில், வேறு மதத்தில் தொடங்குங்கள். ஒருத்தி சொல்லக்கூடிய பேருக்கு மூன்று என்று வரம்பு வையுங்கள். அவளுக்குக் கடன் எடுத்தவர்களில் எத்தனை பேரைத் தெரியும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நிறையப் பேரைத் தெரிந்தவள் உங்கள் மாதிரிக்குள் வர வாய்ப்பு அதிகம், கணக்கில் அவளுடைய எடையைக் குறைக்க வேண்டும். இதை 1997இல் ஹெக்கதோர்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒழுங்கான முறையாக்கினார். போதை ஊசி போடுபவர்கள் போன்ற, பட்டியலே இல்லாத கூட்டங்களுக்குப் பயன்படுகிறது.

மார்ச் 2
"மொத்தம் எத்தனை பேர் என்பதே தெரியாத கூட்டத்தில் மாதிரி எப்படி?" நல்ல கேள்வி. மீன்காரர் பதில் வைத்திருக்கிறார்கள். 60 மீனைப் பிடித்துச் செட்டையில் அடையாளம் போட்டு விடுகிறோம். பிறகு ஒருநாள் 50 பிடிக்கிறோம், அதில் 5இல் அடையாளம் இருக்கிறது. பத்தில் ஒன்று. அப்படியானால் முதல் விட்ட 60 என்பது மொத்தத்தில் பத்தில் ஒன்று, ஆக 600. பீற்றர்சன் என்ற டென்மார்க்கு அறிஞர் 1890களிலேயே மீனுக்கு அடையாளம் போட்டவர். லிங்கன் என்ற அமெரிக்கப் பறவை ஆய்வாளர் 1930இல் வாத்துக்குச் செய்தார். மனிதரில் செய்யும்போது அடையாளத்துக்குப் பதில் இரண்டு பட்டியல்களில் ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று பார்க்கிறார்கள்.

ஆனால் இடையில் யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. நம் வாவியில் மாரியில் முகத்துவாரம் வெட்டினால் முடிந்தது, கடலும் வாவியும் ஒன்று. மனிதருக்கும் ஒரு முகத்துவாரம் உண்டு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில்.

மார்ச் 8
உப்புக் கதை. இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் சொன்னது, எனக்கு மிகப் பிடித்தது.

1947, டில்லி. கலவரத்துக்குப் பயந்த மக்கள் செங்கோட்டைக்குள் தஞ்சம். உள்ளே எத்தனை பேர் என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. சாப்பாடு கொடுக்கும் ஒப்பந்தகாரர் சொல்கிற எண்ணுக்குக் காசு போகிறது. புள்ளியியல்காரர்களைக் கூப்பிட்டார்கள், அவர்களாலும் உள்ளே போக முடியாது. கையில் இருந்தது ஒப்பந்தகாரரின் பில். ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, உப்புச் சாப்பிடுவான் என்பது பழைய ஆய்வுகளில் இருக்கிறது. மூன்றாலும் வகுத்துப் பார்த்தார்கள். அரிசியால் வந்த ஆட்தொகை மிகப் பெரிது. உப்பால் வந்தது மிகச் சின்னது. உப்பு மலிவு, அதில் கள்ளக் கணக்கு எழுதி என்ன கிடைக்கும்? ஆகவே உப்பை நம்பினார்கள். அளவில் சிறிய ஹுமாயூன் கல்லறை முகாமில் இதே முறையைச் சரிபார்த்தபோது ஒத்து வந்தது.

எங்கள் குடும்பமும் முகாமில் இருந்ததுதான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "எங்கட முகாமில உப்பையும் தூக்கித்தான் வித்தவங்க" என்றார். முறைக்கு ஒரு நிபந்தனை கூடிவிட்டது.

மார்ச் 9
டெங்குப் பரிசோதனைக்கு வீடு வீடாகப் போகிற ஒருவர் தனியே எழுதினார். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் கொசுக் குடம்பி (புழு) இருந்தது என்பதைத்தான் பிரெட்டோ சுட்டெண் என்கிறார்கள். அவர்கள் போவது வேலை நேரத்தில். கணவனும் மனைவியும் வேலைக்குப் போன வீடு பூட்டியிருக்கும், பூட்டிய வளவில்தான் யாரும் கவிழ்க்காத வாளியும் கிடக்கும். பூட்டிய வீட்டைக் கழித்துவிட்டு நூறு எண்ணினால் சுட்டெண் இறங்கும், கொசு இறங்காது.

தடுப்பூசிக் கணக்கெடுப்பின் பழைய முறையும் நினைவு வருகிறது. 30 கொத்தணி, ஒவ்வொன்றிலும் 7 பிள்ளை, மொத்தம் 210. கிராமத்து நடுவில் நின்று போத்தலைச் சுழற்றி அது காட்டும் திசையில் போவார்கள். நம்மூரில் நடு என்றால் கோயிலடி. எந்தத் திசையில் சுழன்றாலும் தொடங்குவது கோயிலடி வீட்டிலிருந்துதான். கடைசி ஒழுங்கைப் பிள்ளைக்கு ஊசி போட்டதா என்று போத்தலுக்குத் தெரியாது.

மார்ச் 15
மாணவி வாக்காளர் இடாப்பிலிருந்து வீடுகளை எடுக்கப் போகிறாராம். நல்லது, பட்டியல் இல்லாமல் இருப்பதைவிட மேல். ஆனால் பட்டியல் என்பது யாரோ ஒருநாள் வந்து எழுதியது. மட்டக்களப்பில் 1981க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 1991இல் நாடு முழுவதும் இல்லை. 2001இல் 18 மாவட்டங்கள் முழுமையாக எண்ணப்பட்டன, அம்பாறை அதில் இருந்தது, நாங்கள் இல்லை. வெருகலிலிருந்து பெரியகல்லாறு வரைக்கும், மாவட்டம் முழுக்க, முழு எண்ணிக்கை இல்லாமல் 31 வருடம். அந்தக் காலத்து அறிக்கைகளில் "இலங்கையில் இத்தனை வீதம்" என்று வாசிக்கும்போது அடிக்குறிப்பைப் பாருங்கள், வடக்கும் கிழக்கும் நீங்கலாக என்று சின்ன எழுத்தில் இருக்கும். 1987, 1993, 2000 ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகள் அப்படித்தான்.

அப்புறம் ஒன்று. இடாப்பில் பெயர் இருக்கும், ஆள் குவைத்தில் இருப்பாள். அவள் ஏன் போனாள் என்பதுதான் உங்கள் ஆய்வே.

நாளும் நேரமும் முக்கியம். குடும்ப வருமான, செலவின ஆய்வைப் புள்ளிவிபரத் திணைக்களம் 25 ஆயிரம் வீடுகளில் 12 மாதத்துக்குப் பரப்பிச் செய்வது சும்மா அல்ல. வெட்டு முடிந்த மாதத்தில் கேட்டால் ஒரு விடை, விதைப்புக்கு முந்திய மாதத்தில் கேட்டால் வேறு. நீங்கள் வைகாசியில் போனால் கண்ணகி அம்மன் சடங்கு, வீட்டில் ஒருவரும் இல்லை என்று எழுதி வருவீர்கள். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள். விளக்கு வைத்த பிறகு போங்கள், ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு. பைல் வேண்டாம், கொப்பி போதும். கணவன் முன்னே வந்து பதில் சொல்லத் தொடங்கினால் சிரித்துக்கொண்டே "அக்காவிடம்தான் கேட்கணும்" என்று சொல்லுங்கள்.

மார்ச் 16
பெப்ரவரி 16இல் மூன்று தடவை போனேன் என்று எழுதினேன். பொய்.

ஒரு வினாக்கொத்துக்கு இவ்வளவு என்றுதான் காசு. பாதைக்குக் காத்திருக்க முக்கால் மணித்தியாலம், பெற்றோல் என் காசு. அநேகமான வீட்டுக்கு ஒரே தடவைதான் போனேன். புகை வந்த வீட்டுக்கும் ஒரு தடவைதான். பிறகு பக்கத்து வீடு. படிவத்தில் "சென்ற தடவைகள்: 3" என்று எழுதினேன், எல்லாரும் அப்படித்தான் எழுதினோம்.

மார்ச் 23
பரணில் பழைய கொப்பி கிடைத்தது. பக்கத்து வீடு எடுத்த இடத்திலெல்லாம் ஓரத்தில் 'ப' என்று பென்சிலால் போட்டிருக்கிறேன். 120இல் 23. அறிக்கையில் "பதிலளிப்பு வீதம் 100" என்று போட்டிருந்தார்கள். 97 வீடு, 81 வீதம் என்று போட்டிருந்தாலாவது யாரேனும் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

தங்கச்சி, உங்கள் படிவத்தில் ஒரு நிரல் கூட்டுங்கள். பூட்டிய வீடு, எந்த நாள், எத்தனை மணி, அடுப்பில் புகை இருந்ததா. பதில் சொன்னவர்களின் 384 வரியைவிட அந்த நிரலை நான் முதலில் வாசிப்பேன்.

மார்ச் 30
நேற்றுக் கலியாண வீடொன்றுக்கு அந்தப் பக்கம் போனேன். திரும்பும்போது அந்த ஒழுங்கையால் வந்தேன். அன்றைக்குப் புகை வந்த வீட்டின் நீலப் படலை இப்போது தகரமாகிவிட்டது. மாதுளை நிற்கிறது. பட்டியலில் தெரிவு எண் 47.

பக்கத்து வீட்டு அக்காதான் வெளியே நின்றார். அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி தந்தவர், முகம் மறக்கவில்லை. 47ஆம் வீட்டுக்காரி எங்கே என்று கேட்டேன். குவைத்துக்குப் போய் ஒன்பது வருடம், இரண்டு தடவை லீவில் வந்தவள், மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு என்றார். மறுகா என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க லோன் விசாரிக்க வந்த தம்பியெல்லா? அண்டைக்கு அவள் உள்ளுக்குத்தான் இருந்தவள். அஞ்சு இடத்தில எடுத்திருந்தவள்."

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். 47, ஓரத்தில் 'ப'. கடன் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில், இல்லை.